வெள்ளணுக் கணக்கு: நூற்றுக்கு எத்தனை, மொத்தம் எத்தனை?

தஞ்சோங் பகார் என்னும் மலாய்ப் பெயருக்கு ‘வேலி முனை’ என்பது பொருள். அப்பெயர் வந்த வகையைப் பற்றிக் கதைகள் பல உண்டு. கடலில் மீன் பிடிக்க ஊன்றிய கழிகளால் வந்தது என்பார் உளர். வாள்போன்ற மூக்குடைய மீன்கள் கூட்டங்கூட்டமாகக் கரைமேல் பாய்ந்து மக்களைக் கொன்றன என்றும், சிறுவன் ஒருவன் சொன்ன யோசனைப்படி வாழை மரங்களை நெருக்கமாக நட்டுக் கரையைக் காத்தனர் என்றும் கூறும் பழங்கதையோடு இவ்விடத்தைச் சேர்த்துச் சொல்வாரும் உளர். கதை எதுவாயினும் ஆகுக. வேலி காக்குமா காக்காதா என்று அறிய வேண்டுமானால், கழிகள் எத்தனை நிற்கின்றன என்றே கேட்க வேண்டும். கரையில் உள்ள மரங்களுள் நூற்றுக்கு எத்தனை வேலிக் கழிகள் என்று கேட்டுப் பயனில்லை.

இதை இங்குச் சொல்லக் காரணம் உண்டு. இதே வட்டாரத்தில் அடுக்குமாடி வீட்டில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நெடுநாள் பணியாற்றிய என்னை ஒரு மாலை வீட்டிற்கு அழைத்தார். மூன்று வயதுப் பேரனின் பரிசோதனைத் தாளைக் கையில் கொடுத்தார். அதில் நியூட்ரோபில் 32 விழுக்காடு என்றிருந்தது. பக்கத்தில் ‘குறைவு’ என்னும் குறி. வீட்டில் ஒருவரும் முதல் நாள் இரவு உறங்கவில்லை.

“குழந்தைக்கு ஒன்றுமில்லை, ஐயா. மொத்த வெள்ளணு 9,500 இருக்கிறது. 32ஆல் பெருக்கி 100ஆல் வகுத்தால் 3,040. இந்த வயதுக்கு இது நல்ல கணக்குத்தான்” என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. “அப்படியானால் திருச்சியில் அக்காளுக்கும் கவலையில்லை, தம்பி. அவர்களுக்கு 68” என்று சொல்லிக் கைப்பேசியில் வந்திருந்த படத்தைக் காட்டினார். அக்காளுக்கு மார்பகப் புற்றுநோய். இரண்டாம் முறை மருந்து ஏற்றிப் பதினொரு நாள் ஆகியிருந்தது. தாளில் மொத்த வெள்ளணு 700. அதன் கீழ்ப் பாலிமார்ஃப் 68, லிம்போசைட் 28, ஈசினோபில் 4 என்று வழக்கமான முறையில் எழுதியிருந்தது. 700ஐ 68ஆல் பெருக்கி 100ஆல் வகுத்தால் 476.

“காய்ச்சல் உண்டா?” என்று கேட்டேன். “மாலையிலிருந்து உடம்பு கொஞ்சம் சுடுகிறதாம். கஷாயம் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள்” என்றார். அக்காள் மகளை உடனே அழைத்து, விடியும்வரை காத்திராமல் அன்றிரவே மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொன்னோம்.

அஞ்சத் தேவையில்லாத தாளுக்கு அஞ்சினர். அஞ்ச வேண்டிய தாளைக் கண்டு ஆறுதல் கொண்டனர். படித்த குடும்பத்திலேயே இவ்வாறு நேர்ந்தது. இரண்டிற்கும் காரணம் ஒன்றே. விழுக்காட்டைப் பார்த்தார்களேயன்றி எண்ணிக்கையைப் பார்க்கவில்லை.

பெயரின் வரலாறு

நம் இரத்தத்தில் வெள்ளணுக்கள் ஐந்து வகை. அவற்றுள் வளர்ந்தோர்க்குப் பெரும்பான்மையாக இருப்பது நியூட்ரோபில். ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் 1879ஆம் ஆண்டு முதல் சாயங்களைக் கொண்டு வெள்ளணுக்களைப் பிரித்துக் காட்டினார். அமிலச் சாயத்தை ஏற்றவை ஒருவகை, காரச் சாயத்தை ஏற்றவை ஒருவகை, இரண்டும் கலந்த நடுநிலைச் சாயத்தை ஏற்றவை மற்றொரு வகை. இம்மூன்றாவது வகைக்கே ‘நடுநிலையை நாடுவது’ என்னும் பொருளில் நியூட்ரோபில் என்று பெயர். தமிழில் ‘நடுநிலை நாடி’ எனலாம். ஆனால், மருத்துவப் பேச்சில் ‘நாடி’ என்றதும் கை தானாக மணிக்கட்டுக்குப் போய்விடும்! ஆகவே இக்கட்டுரையில் நியூட்ரோபில் என்றே வழங்குகிறேன். இதனினும் நல்ல சொல்லைத் தமிழாசிரியர்கள் ஆக்கித் தந்தால் மகிழ்வேன். இதன் உட்கரு பல மடல்களாகப் பிரிந்து பல உருவில் தோன்றுவதால் ‘பாலிமார்ஃப்’ என்றும் வழங்குவர். தமிழ்நாட்டுத் தாள்களில் இப்பெயரே மிகுதி. ‘பி’ என்ற ஓரெழுத்தாகவும் சுருக்கி எழுதுவர். இரண்டும் ஒன்றென்பதை அறியாமல் ‘நியூட்ரோபிலைக் காணோமே’ என்று தேடுவோர் பலர்.

இவ்வணு செய்யும் தொழிலைக் காட்டியவர் ரஷ்ய நாட்டு மெச்னிகாவ். 1882இல் இத்தாலியின் மெசினா நகரில், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் குஞ்சின் உடலில் முள்ளைக் குத்தி வைத்துப் பார்த்தார். நகரும் அணுக்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன. அந்நியப் பொருளைச் சூழ்ந்து விழுங்கும் அணுக்கள் உடலில் உண்டு என்னும் கருத்து அதிலிருந்து வளர்ந்தது. எர்லிக்கும் மெச்னிகாவும் 1908ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

எலும்பு மஜ்ஜையில் நாள்தோறும் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோபில்கள் பிறக்கின்றன. இரத்தத்தில் அவை தங்குவது சில மணி நேரமே. பிறகு திசுக்களுக்குள் சென்றுவிடும். பாக்டீரியாவும் பூஞ்சையும் உடலில் நுழைந்தால் முதலில் ஓடிச் சென்று விழுங்குவன இவையே. புண்ணில் வடியும் சீழ் பெரும்பாலும் போரிட்டு மாண்ட நியூட்ரோபில்களே என்பதை நினைவில் கொள்க. பின்னால் இது தேவைப்படும்.

கணக்கு

துறைமுகத்தில் இரண்டு கிடங்குகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதற் கிடங்கில் 200 ஆட்கள். அவர்களுள் நூற்றுக்கு 40 பேர் காவலர். இரண்டாவதில் 20 ஆட்கள். அவர்களுள் நூற்றுக்கு 70 பேர் காவலர். கிராணி தம் ஏட்டில் 40 என்றும் 70 என்றும் மட்டும் எழுதி அனுப்பினால், இரண்டாவது கிடங்கே பத்திரமானது என்று மேலதிகாரி எண்ணிக்கொள்வார். உண்மையில் முதற் கிடங்கில் 80 காவலரும், இரண்டாவதில் 14 காவலருமே உள்ளனர். திருடன் எங்கே போவான் என்று சொல்லத் தேவையில்லை.

இரத்தக் கணக்கும் இதுவே. மொத்த வெள்ளணு எண்ணிக்கையை நியூட்ரோபில் விழுக்காட்டால் பெருக்கி 100ஆல் வகுக்க வேண்டும். சில தாள்களில் முதிர்ந்த நியூட்ரோபிலையும், முதிரும் நிலையில் உட்கரு பட்டையாக உள்ளதையும் தனித்தனியே காட்டுவர். அப்போது இரண்டு விழுக்காட்டையும் கூட்டிக்கொண்டு பெருக்க வேண்டும். மொத்தம் 4,000, முதிர்ந்தவை 45, பட்டை வடிவின 5 என்றால், 50 விழுக்காடு, எண்ணிக்கை 2,000. இதற்கு மேல் இதில் கணிதம் ஒன்றுமில்லை.

அலகில்தான் பலர் தடுமாறுகின்றனர். தமிழ்நாட்டில் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் எத்தனை என்று எழுதுவது வழக்கம்: 9,500 என்பதுபோல. சிங்கப்பூரில் ஒரு லிட்டரில் எத்தனை என்று எழுதுவர். அது 950 கோடி என்ற பெரிய எண்ணாகிவிடுவதால், 9.5 என்று எழுதிப் பக்கத்தில் பத்தின் ஒன்பதாம் அடுக்கு என்று குறிப்பர். ஒரு லிட்டரில் பத்து இலட்சம் கன மில்லிமீட்டர்கள் இருப்பதால், சிங்கப்பூர் எண்ணை ஆயிரத்தால் பெருக்கினால் தமிழ்நாட்டு எண் கிடைக்கும். 0.5 என்பதும் 500 என்பதும் ஒன்றே. இங்கும் அங்குமாக மருத்துவம் பார்த்துக்கொள்ளும் நம் குடும்பங்களில், ‘அங்கே ஏழாயிரம் இருந்தது, இங்கே ஏழுக்கு இறங்கிவிட்டது’ என்று ஒருவர் பதறியதை நானே கேட்டிருக்கிறேன். இக்காலத்தில் இரு நாட்டுக் கூடங்களிலும் பெருக்கிய எண்ணையே தாளில் அச்சிட்டுத் தருவதும் பெருகியுள்ளது. ஆசிரியரின் பேரன் தாளிலும் 3.04 என்ற எண் இருந்தது. ஆனால் கண் குறியுள்ள வரிக்கே போகிறது.

விழுக்காட்டில் மற்றொரு மயக்கமும் உண்டு. நூறு என்பது பங்கு பிரிக்கும் பாத்திரம். ஒருவர் பங்கு பெருகினால் மற்றவர் பங்கு சுருங்கத்தான் வேண்டும். சளிக் காய்ச்சல் கண்ட ஒருவருக்கு மொத்தம் 9,000, நியூட்ரோபில் 36 விழுக்காடு, லிம்போசைட் 55 விழுக்காடு என்க. தாளில் நியூட்ரோபில் ‘குறைவு’ என்றிருக்கும். எண்ணிப் பார்த்தால் 3,240, குறைவே இல்லை. லிம்போசைட்டுகள் 4,950ஆகப் பெருகியதே உண்மைச் செய்தி.

எங்கள் காலத்துப் பழக்கம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிச் சில்லில் இரத்தத்தைத் தேய்த்துச் சாயமிட்டு, நுண்ணோக்கியில் நூறு வெள்ளணுக்களை எண்ணி வகை பிரிப்போம். நூறே எண்ணுவதால் தற்செயல் பிழை கணிசமாக வரும். உண்மையில் 30 விழுக்காடு இருந்தால், ஒருநாள் 22 வரலாம். மறுநாள் 38 வரலாம். எண்ணியவர் கவனக்குறைவு அன்று அது. சிறிய மாதிரியின் இயல்பு. வாலஸ் கூல்ட்டர் என்னும் அமெரிக்கர் 1953இல் காப்புரிமை பெற்ற முறையில், மின்னோட்டமுள்ள சிறு துளை வழியே அணுக்களை ஒவ்வொன்றாகச் செலுத்தி எண்ணும் கருவிகள் வந்தபின், ஆயிரக்கணக்கில் எண்ண முடிந்தது. ஆயினும், வெள்ளணு மிகக் குறைந்த நோயாளியின் சில்லைக் கண்ணால் பார்ப்பதை நல்ல கூடங்கள் இன்றும் விடவில்லை. கருவி அறியாத விந்தை அணுக்கள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

குறைந்தால்

வளர்ந்தோர்க்கு ஏறத்தாழ 2,000 முதல் 7,500 வரை இயல்பு. கூடத்துக்குக் கூடம் எல்லை சிறிது மாறும். தாளில் அச்சிட்ட எல்லையையே கொள்ள வேண்டும். 1,500க்குக் கீழ்ப்பட்டால் குறைவு என்பர். 1,000 வரை இலேசான குறைவு. 1,000 முதல் 500 வரை நடுத்தரம். 500க்குக் கீழ் கடுமை.

இந்த 500 என்னும் எல்லை வாய்க்கு வந்தபடி வைத்ததன்று. அமெரிக்காவில் ஜெரால்டு போடே என்பவரும் உடன் பணியாற்றியோரும் இரத்தப் புற்றுநோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1966இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். எண்ணிக்கை 1,000க்குக் கீழே இறங்க இறங்கத் தொற்று மிகுவதையும், 100க்குக் கீழ் மிகக் கொடியதாவதையும், குறைவு நீடிக்கும் நாள் கூடக்கூட ஆபத்துக் கூடுவதையும் அவர்கள் எண்களால் நிறுவினர். அந்த ஆய்வில் மருத்துவர்கள் பார்த்தது எண்ணிக்கையையே.

இங்கேதான் சீழைப் பற்றிச் சொன்னது வேண்டியிருக்கிறது. நியூட்ரோபில் இல்லாதவனுக்குச் சீழ் பிடிக்காது. புண் சிவந்து வீங்காது. நுரையீரலில் தொற்று இருந்தும் சளி மிகாது. படத்திலும் முதலில் தெளிவாகத் தெரியாமல் போகலாம். வீட்டார் ‘வேறு தொல்லை ஒன்றுமில்லை, கொஞ்சம் காய்ச்சல் மட்டுந்தான்’ என்பர். அந்தக் ‘கொஞ்சம் காய்ச்சல்’ ஒன்றே உடல் எழுப்பும் கூக்குரல். புற்றுநோய் மருந்து பெறுவோர்க்கு 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹீட், அளவை எட்டினால் இரவென்றும் ஞாயிறென்றும் பாராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பது இதனால்தான். அங்கே கிருமிக்கொல்லி மருந்தை ஒரு மணி நேரத்துக்குள் நரம்பில் ஏற்ற முயல்வர். வீட்டிலேயே பாரசிட்டமால் விழுங்கிக் காய்ச்சலைத் தணித்துவிட்டுக் காத்திருப்பது, காவலன் ஊதும் ஊதலைப் பிடுங்கி வைப்பதற்கு ஒப்பாகும். பெரும்பாலான மருந்துகளுக்கு, ஏற்றிய 7ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரையே எண்ணிக்கை அடிமட்டத்தில் இருக்கும். திருச்சி அம்மையார்க்கு அது பதினோராம் நாள்.

புற்றுநோய் மருந்து மட்டுமன்று. தைராய்டு மிகுதிக்குக் கொடுக்கும் கார்பிமசோல், ஆயிரத்தில் சிலருக்கு நியூட்ரோபிலை அடியோடு அழித்துவிடும். பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில். அம்மருந்து உண்பவர்க்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தால், மாத்திரையை நிறுத்தி அன்றே இரத்தம் பார்க்க வேண்டும். மனநோய்க்கான க்ளோசபின் மருந்தால் 1975இல் பின்லாந்தில் எட்டுப் பேர் இவ்வாறு இறந்தனர். பிறகு 1989இல் அமெரிக்கா அதனை ஏற்றபோது, இரத்தம் எண்ணிப் பார்த்தே மருந்து தர வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு ஏற்றது.

மெத்தோட்ரெக்சேட் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நம் முதியோர் பலர் வீட்டு அலமாரியில் அது இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற யெல்லப்பிரகட சுப்பாராவ், லெடர்லி ஆய்வுக்கூடத்தில் தம் குழுவினரோடு போலிக் அமிலத்துக்கு எதிரான மருந்துகளை உருவாக்கினார். அவற்றுள் ஒன்றான அமினாப்டெரினைக் கொண்டு பாஸ்டன் நகரில் சிட்னி பார்பர் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைச் சில காலம் தணித்துக் காட்டினார். அம்முடிவு 1948இல் வெளியாயிற்று. அவ்வாண்டிலேயே சுப்பாராவ் மறைந்தார். அதன் உடன்பிறப்பே மெத்தோட்ரெக்சேட். இன்று மூட்டுவாதத்துக்குச் சிறு அளவில், வாரத்துக்கு ஒரே நாள் கொடுக்கப்படுகிறது. மற்ற மாத்திரைகளைப்போல் நாள்தோறும் விழுங்கி, மஜ்ஜை வற்றி, வாயெல்லாம் புண்ணாகி இறந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. தாத்தா பாட்டியர் இம்மருந்து உண்ணும் வீடுகளில் உறை மேல் கிழமையைத் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுவது நன்று.

சிங்கப்பூரில் நாம் அடிக்கடி காணும் மற்றொரு காரணம் டெங்கிக் காய்ச்சல். 2020ஆம் ஆண்டில் மட்டும் 35,000 பேருக்கு மேல் கண்டது. பலதுறை மருந்தகத்தில் எடுக்கும் இரத்தத்தில் மொத்தம் 2,400, நியூட்ரோபில் 40 விழுக்காடு என்று வரக்கூடும், 960 ஆகிறது. மேலே சொன்னதைப் படித்தவர் இதைக் கண்டு நடுங்கக்கூடும். ஆயின், இங்கே மஜ்ஜை அழியவில்லை. வைரஸ் சில நாள் அதனை அடக்கி வைக்கிறது, பிறகு தானே மீள்கிறது. டெங்கியில் மருத்துவர் கண் வைப்பது தட்டணுக்கள் மீதும், இரத்தம் கெட்டிப்படும் அளவின் மீதும், வயிற்றுவலி, இடைவிடா வாந்தி, இரத்தக் கசிவு முதலிய அறிகுறிகள் மீதுமே. ஒரே எண்தான், ஆள் வேறு, காரணம் வேறு, பொருளும் வேறாகிறது.

பிறப்பிலேயே சற்றுக் குறைந்த எண்ணிக்கையோடு நலமாக வாழ்வோரும் உளர். ஆப்பிரிக்க வழியினரிடமும், ஏமன் முதலிய பகுதி அரபியரிடமும் இது மிகுதி. சிங்கப்பூரின் அரபுக் குடும்பங்கள் பல ஏமனின் ஹத்ரமவுத்திலிருந்து வந்தவை என்பதால், இங்குள்ள மருத்துவர்க்கும் இது வேண்டிய செய்தியே. அவர்களுடைய மஜ்ஜையில் குறையில்லை, தொற்றும் மிகுவதில்லை.

மிகுந்தால்

மிகுதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நிமோனியா, குடல்வால் அழற்சி போன்ற பாக்டீரியாத் தொற்றில் 10,000, 15,000 என ஏறும். பட்டை வடிவ இளம் அணுக்களும் அப்போது பெருகும்; மஜ்ஜை தன் சேமிப்பை அவசரமாக அனுப்புகிறது என்று பொருள். ஆனால் தொற்றே இல்லாமலும் ஏறும். இரத்தக் குழாய்ச் சுவர்களில் ஒட்டிக் கிடக்கும் நியூட்ரோபில்கள், ஓடுகின்ற இரத்தத்தில் உள்ளவற்றின் அளவுக்கு உண்டு. மாடிப்படி ஓடி ஏறினாலும், அச்சத்தாலும், பிரெட்னிசோலோன் போன்ற மருந்தாலும் அவை கழன்று வந்து எண்ணிக்கையில் சேரும். கருவுற்ற பெண்டிர்க்கும் புகை பிடிப்போர்க்கும் சற்று மிகுந்தே இருக்கும். காரணமின்றி மாதக்கணக்கில் மிகுந்து நிற்பதே ஆராயத் தக்கது.

குழந்தைகள் கணக்குத் தனி. பிறந்த சில வாரங்களிலிருந்து நான்கைந்து வயது வரை லிம்போசைட்டே பெரும்பான்மை. நியூட்ரோபில் 30 விழுக்காடு என்பது அவர்களுக்கு இயல்பே. பெரியோர்க்குரிய எல்லையைக் குழந்தையின் தாளில் அச்சிடும் கூடங்கள் இருக்கும்வரை, ஆசிரியர் வீட்டில் நேர்ந்தது போன்ற உறக்கமற்ற இரவுகள் இருந்துகொண்டேதான் இருக்கும்.

திருச்சி அம்மையாரை அன்றிரவு பத்து மணிக்கு ஆட்டோவில் ஏற்றிச் சென்றனர். போய்ச் சேர்ந்தபோது காய்ச்சல் 38.6. மறுநாள் எண்ணிக்கை 310க்கு இறங்கியது. மூன்றாம் நாள் 290. கிருமிக்கொல்லியோடு, மஜ்ஜையைத் தூண்டும் ஊசியும் போட்டனர். ஐந்தாம் நாள் 880. ஆசிரியர் ஒவ்வொரு நாளும் படத்தை எதிர்பார்த்து, வந்ததும் பென்சிலால் தாமே பெருக்கி எழுதி எனக்கு அனுப்பினார். வீடு திரும்பிய நாளின் தாளில் பாலிமார்ஃப் மீண்டும் அதே 68 விழுக்காடுதான். மொத்தம் 5,200. ஓரத்தில் ஆசிரியர் 3,536 என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்.